விடாத அசதியும் டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டும்: எண்களை எந்த வரிசையில் படிப்பது

மாதக்கணக்கில் அசதி விடவில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. மதியம் இரண்டு மணிக்கே கண் சொக்குகிறது, மனைவியிடம் நெருக்கமும் குறைந்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இப்படிப்பட்ட ஒருவர் கண்ணில் முதலில் படுவது, பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு' நோட்டீஸ்தான். அதைத் தாண்டி வருகிறவர்கள் லேபில் ஒரு முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுக்கிறார்கள். அதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து வருகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் 'லோ' என்று இருந்தால் குழப்பம் அங்கே தொடங்கிவிடுகிறது.

அந்த ஒரு எண்ணை வைத்துக் குறைபாடு என்றும் சொல்ல முடியாது, குறைபாடு இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்த நேரம், அலகு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம், அதைச் சுரக்கச் சொல்லும் எல்.எச். என்ற ஹார்மோன் இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் வரும். எண் சற்றுக் குறைந்திருக்கும் நடுவயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு அசதியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அந்த வேரைத் தேடாமல் ஊசிக்குப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

இது ஆண்களுக்கான வழிகாட்டி. பெண்களுக்கு இந்த ஹார்மோன் இயல்பிலேயே மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். அசதிக்காக அவர்கள் இதைப் பார்ப்பதால் பயனில்லை. மாதவிலக்குக் கோளாறு, முகத்தில் முடி என்று அளவு கூடியிருக்கிறதா எனச் சந்தேகிக்கும்போதுதான் அவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவைப்படும்.

முதலில் பார்க்க வேண்டியது நேரம்

ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் பொதுவாக மூன்று நேரங்கள் இருக்கும்: பதிவு செய்தது, சாம்பிள் எடுத்தது, முடிவு வந்தது. நடுவில் உள்ளதைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பிற்பகலுக்குள் இறங்கிவிடும். இளைஞர்களிடம் இந்த இறக்கம் கால் பங்கு வரை போகலாம், வயது ஏற ஏற வித்தியாசம் குறையும். ஆகவே காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுத்த எண் மட்டுமே கணக்கில் வரும். கடையைத் திறந்து வைத்துவிட்டு, டிபன் முடித்து, பதினொன்றரை மணிக்குப் போய்க் கொடுத்த ரத்தம் இந்தப் பரிசோதனைக்கு உதவாது.

வெறும் வயிறு என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்தாலே டெஸ்டோஸ்டிரோன் சராசரியாகக் கால் பங்கு இறங்கியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். இட்லி, வெள்ளைப் பணியாரம், ஒரு கிண்ணம் கவுனி அரிசி என்று காலைப் பலகாரம் முடித்துவிட்டுப் போனால் இதே இறக்கம் உங்கள் ரிப்போர்ட்டிலும் தெரியலாம். சர்க்கரை போட்ட காபியும் வேண்டாம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர்களைக் கூப்பிட்டால், காலை எட்டு மணி வாக்கில் வரச் சொல்லுங்கள்.

அடுத்தது தூக்கம். இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. கல்யாண வீட்டில் இரண்டு இரவு கண்விழித்துவிட்டு வந்த மறுநாள் ரத்தம் கொடுக்காதீர்கள். காய்ச்சல், டெங்கு, அறுவை சிகிச்சை போன்ற எந்தக் கடுமையான நோயும் இந்த எண்ணைத் தற்காலிகமாகக் கீழே இழுக்கும். உடம்பு முழுதும் தேறிய பிறகு சில வாரம் விட்டுப் பாருங்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கடிகாரக் காலை பொருந்தாது. அவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளின் அளவீட்டைக் குழப்பும்: டெஸ்டோஸ்டிரோன் பொய்யாகக் கூடுதலாகவும், எல்.எச்., தைராய்டுக்கான டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும் தெரியும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கொடுத்தால் போதும்.

முதல் எண் குறைவாக வந்தால், இன்னொரு நாள் காலை, அதே லேபில் இரண்டாம் முறை பாருங்கள். முதலில் குறைந்து இரண்டாவதில் சரியாக வருபவர்கள் நிறைய. இரண்டு முறையும் குறைவு என்றால்தான் அடுத்த படி.

அலகும் வரம்பும்

நம் ஊர் லேப்களில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் நானோகிராம்/டெசிலிட்டர் கணக்கில் வரும். சில லேப்கள் நானோகிராம்/மில்லிலிட்டரில் தருவார்கள், அங்கே 312 என்பது 3.12 ஆகிவிடும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பரிசோதித்துக்கொண்டு ஊருக்கு வந்தவர்கள் கையில் நானோமோல்/லிட்டர் ரிப்போர்ட் இருக்கும். அந்த எண்ணை 28.8-ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைக்கும். 12.4 என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது நம் கணக்கில் ஏறத்தாழ 357.

வரம்பு எது என்பதில் மருத்துவ அமைப்புகளுக்குள்ளேயே ஒரே எண் கிடையாது. அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 300-க்குக் கீழே என்கிறது. அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவச் சங்கமான என்டோகிரைன் சொசைட்டி 2018 வழிகாட்டுதலில், உடல் பருமன் இல்லாத 19 முதல் 39 வயது ஆரோக்கியமான ஆண்களை வைத்துக் கீழ் எல்லையை 264 என்று வைத்தது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 12 நானோமோலுக்கு, அதாவது 346-க்கு, மேல் இருந்தால் குறைபாடு இருக்க வாய்ப்பில்லை என்றும் 8 நானோமோலுக்கு, அதாவது 231-க்கு, கீழ் இருந்தால் குறைபாடு வலுவாகச் சந்தேகிக்கத் தக்கது என்றும் பிரிக்கிறது. லேப் அச்சடித்திருக்கும் வரம்போ அவர்கள் வைத்திருக்கும் கருவியைப் பொறுத்தது. ஆகவே 'லோ' என்ற எழுத்தைவிட, எண் எந்தப் பகுதியில் விழுகிறது என்பது முக்கியம். 230-க்குக் கீழ் தெளிவான குறைவு. 350-க்கு மேல் பெரும்பாலும் கவலையில்லை. இடையில் விழுவது சாம்பல் பகுதி, அங்கேதான் அடுத்த பரிசோதனை வேலை செய்கிறது.

எஸ்.எச்.பி.ஜி. இல்லாமல் சாம்பல் பகுதி விளங்காது

ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அல்புமின் தளர்வாகப் பிடித்திருக்கும். எதிலும் ஒட்டாமல் இருப்பது சுமார் 2 சதவீதம்தான், இதுவே தனி (ஃப்ரீ) டெஸ்டோஸ்டிரோன். மொத்த டெஸ்டோஸ்டிரோன் என்பது இவை எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. பிடித்து வைக்கும் புரதம் கூடினாலோ குறைந்தாலோ, உடம்புக்குக் கிடைக்கும் அளவு மாறாதபோதும் கூட்டுத்தொகை மாறும்.

தொப்பை, சர்க்கரை நோய், இன்சுலின் எதிர்ப்பு, தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கும். வயது, ஈரல் நோய், தைராய்டு மிகுதி, சில வலிப்பு மாத்திரைகள் கூட்டும். நம் பகுதியில் நாற்பதைத் தாண்டிய ஆண்களிடம் தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்தே வருவதால், மொத்த எண் குறைந்தும் தனி டெஸ்டோஸ்டிரோன் சரியாகவும் உள்ளவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் எடுத்துக்காட்டு: 44 வயது, இடுப்புச் சுற்று 104 சென்டிமீட்டர், சர்க்கரை உண்டு. மொத்தம் 312, எஸ்.எச்.பி.ஜி. 16 நானோமோல்/லிட்டர், அல்புமின் 4.3 கிராம்/டெசிலிட்டர். இந்த மூன்றையும் வைத்துக் கணக்கிடும் வெர்மூலன் சூத்திரத்தில் போட்டால் தனி டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்குச் சுமார் 303 பிக்கோமோல் வருகிறது. மில்லிலிட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 87 பிக்கோகிராம். ஐரோப்பிய வழிகாட்டுதல் கவலைப்படச் சொல்லும் கோடு 225 பிக்கோமோல், அதாவது 65 பிக்கோகிராம். இவருக்கு ஹார்மோன் குறைபாடு என்று சொல்ல இடமில்லை. தொப்பையும் சர்க்கரையும்தான் சிகிச்சை கேட்கின்றன.

இரண்டாவது: 61 வயது, ஒல்லியான உடம்பு. மொத்தம் 430. ரிப்போர்ட்டில் எந்த அடையாளமும் இருக்காது, 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் எஸ்.எச்.பி.ஜி. 92. அதே அல்புமின் அளவில் தனி டெஸ்டோஸ்டிரோன் சுமார் 143 பிக்கோமோல், 41 பிக்கோகிராம்தான். உண்மையான குறைவு இவருக்குத்தான். கூடவே எஸ்.எச்.பி.ஜி. ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஈரலையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல லேப்கள் 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று நேரடியாக ஒரு கிட் வைத்து அளந்து தருகின்றன. அந்த முறை நம்பத்தக்கதல்ல என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. அதன் எண்களும் வேறு அளவில் வரும், மேலே சொன்ன 65 என்ற கோட்டை அதற்குப் போட்டுப் பார்த்தால் ஆரோக்கியமானவரும் நோயாளியாகத் தெரிவார். சிறந்தது, ஒட்டாத பகுதியைச் சவ்வு வழியாகப் பிரித்து அளக்கும் சமநிலை டயாலிசிஸ் முறை. அது கிடைக்காவிட்டால் மொத்தம், எஸ்.எச்.பி.ஜி., அல்புமின் மூன்றையும் ஒரே சாம்பிளில் எடுத்துக் கணக்கிடுவதே போதும். காரைக்குடியில் பல லேப்கள் இத்தகைய சாம்பிளை வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்கின்றன. எந்த முறையில் அளக்கிறார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின்: கோளாறு எங்கே?

விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்க உத்தரவு கொடுப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அந்த உத்தரவுதான் எல்.எச்., விந்தணுவுக்கான உத்தரவு எஃப்.எஸ்.எச். கொத்தனார் வேலை நடக்காவிட்டால் மேஸ்திரியின் சத்தம் கூடுவதுபோல, விரையின் வேலை தளர்ந்தால் எல்.எச். ஏறும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். சின்ன வயதில் விரை இறங்காமல் இருந்தது, பருவ வயதுக்குப் பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியது, அடிபட்டது, புற்றுநோய் சிகிச்சை போன்றவை காரணமாகலாம். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்குப் பிறவியிலேயே இருக்கும், எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலான க்ளைன்ஃபெல்டர் நிலையும் இதில் சேரும். குழந்தைப் பேற்றுக்குச் சிகிச்சைக்குப் போகும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்க, எல்.எச். 'நார்மல்' என்று வந்தால் அதைச் சரி என்று விட்டுவிடக் கூடாது. ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் ஏறவில்லை என்பதுதான் அதன் பொருள், கோளாறு மேலே இருக்கிறது. பருமன், தூக்கத்தில் மூச்சுத் தடை, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுவது, ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம்மில் போட்டுக்கொண்ட அனபாலிக் ஊசி, பிட்யூட்டரிக் கட்டி என்று காரணங்கள் பல. மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத பொடி சாப்பிட்டவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் இறங்கியும் கடும் அசதி வரும். இந்த நிலையில் காலை 8 மணிக் கார்டிசாலையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினின் எண்ணை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'கேஸ் மாத்திரை' என்று நாம் அன்றாடம் வாங்கும் பல கேப்ஸ்யூல்களில் பான்டோபிரசோல் அல்லது ரபிபிரசோலோடு டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும், சிலவற்றில் லெவோசல்பிரைடு இருக்கும். இரண்டும் புரோலாக்டினை நன்றாக ஏற்றும். ஏறிய புரோலாக்டின் எல்.எச்.சை அடக்கி டெஸ்டோஸ்டிரோனை இறக்கும். மாத்திரை அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று வாசித்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு அதை நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி பார்த்தால் எண் இறங்கியிருக்கலாம். மனநல மருந்துகளிலும் சில இப்படி ஏற்றும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது.

மருந்து எதுவும் இல்லாமல் புரோலாக்டின் தொடர்ந்து கூடியிருந்தாலோ, மொத்த டெஸ்டோஸ்டிரோன் 150-க்குக் கீழிருந்து எல்.எச்.சும் தாழ்ந்திருந்தாலோ, பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. தேவை. இதோடு தலைவலியும், பக்கவாட்டில் பார்வை மங்குவதும் இருந்தால் தள்ளிப்போடாமல் மதுரைக்குப் போய்விடுங்கள்.

அசதிக்கு இதைவிட அடிக்கடி வரும் காரணங்கள்

2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு 40 முதல் 79 வயது ஆண்களைப் பார்த்தது. எண்ணும் குறைந்து, குறைபாட்டுக்கே உரிய மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான். அந்த மூன்று: காலையில் தானாக வரும் விறைப்பு குறைவது, பாலியல் விருப்பம் குறைவது, உறவின்போது விறைப்பு நிலைக்காமல் போவது. அசதியும் மனச்சோர்வும் குறைபாட்டில் வரலாம், ஆனால் அவை நூறு காரணங்களால் வரும். காலை விறைப்பும் விருப்பமும் முன்போலவே இருந்து அசதி மட்டும் இருக்கிறதென்றால், டெஸ்டோஸ்டிரோனை ஒதுக்கி வைத்துவிட்டு வேறிடம் பாருங்கள்.

ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்குக் கீழிருந்தால் ரத்தசோகை. அத்துடன் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். சைவ உணவுக்காரர்களும் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் பி12 பார்க்க வேண்டும். டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்.பி.ஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஈரல் பரிசோதனை, வைட்டமின் டி இவையும் வேண்டும். எச்.பி.ஏ1சி 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. இவற்றில் பலவற்றை அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம்.

குறட்டையைச் சாதாரணமாக நினைக்கிறோம். குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி வருகிறது என்று வீட்டில் சொன்னால், தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். மூச்சுத்தடை உள்ளவருக்கு அசதியும் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் இறங்கும். அந்த நிலையில் சிகிச்சை பார்க்காமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மூச்சுத்தடை மோசமாகலாம். பி.பி.க்காகச் சாப்பிடும் பீட்டா பிளாக்கர், ராத்திரி போடும் தூக்க மாத்திரை, தினசரி மது ஆகியவையும் அசதி தரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டு, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும், நல்ல சிகிச்சை இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

குறைபாடு உறுதியானால்

இரண்டு காலை ரிப்போர்ட்டும் குறைவு, அறிகுறிகளும் உண்டு, காரணமும் தேடியாயிற்று என்றால் ஹார்மோன் மருத்துவரான என்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டும் போகலாம். எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்கி, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், லேகியம், பொடி இருந்தால் அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். 'ஆண்மை' என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் சில்டெனாஃபில் மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தக் கலப்பு உயிரையே வாங்கிவிடும்.

பருமனால் இறங்கிய எண், எடை குறையக் குறைய தானாக ஏறும். ஆகவே பலருக்கு முதல் மருந்து எடைக் குறைப்பும் தூக்கமும்தான். குழந்தை வேண்டும் என்றிருப்பவர்களுக்கு வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கவே கூடாது. ஊசியைக் கண்டதும் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி பூஜ்யம் வரை போகலாம், திரும்பி வரப் பல மாதம் ஆகும். கல்யாணமான புதிதில் 'தெம்புக்கு' என்று இந்த ஊசி போட்டுக்கொண்டு, பிறகு குழந்தையில்லை என்று அலைவது பெரிய கொடுமை. அவர்களுக்கு எல்.எச். வழியாகத் தூண்டும் வேறு மருந்துகள் உண்டு.

சிகிச்சை தொடங்கும் முன் ரத்த எண்ணிக்கையில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) என்ற வரியையும், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு புரோஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ.வையும் பார்த்துவைக்க வேண்டும். பி.சி.வி. முதலிலேயே 48-ஐத் தாண்டியிருந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் தொடங்குவதில்லை. சிகிச்சை நடுவில் 54-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும் அல்லது அளவைக் குறைக்க வேண்டும், ரத்தம் தடித்துவிடும். முதல் வருடத்தில் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறையும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் இதைப் பார்ப்பார்கள். 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் ஊசி பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒன்று. இதில் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாக ரத்தம் கொடுத்தால்தான் அளவு போதுமா என்று தெரியும், போட்ட மறுவாரம் பார்த்த எண் பொய்யான தைரியம் தரும். ஜெல் தடவுகிறவர்கள் அந்த இடத்தைத் துணியால் மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மடியில் ஏறும் குழந்தைக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

2023-இல் வெளியான ட்ராவர்ஸ் ஆய்வு, இதய நோயோ அதற்கான ஆபத்தோ இருந்த 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்தது. மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போவதும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் பாலியல் விருப்பம் மிதமாகக் கூடியது, அசதியில் தெளிவான மாற்றம் இல்லை. ஆகவே தொடங்கும்போதே எதற்காகத் தொடங்குகிறோம் என்று டாக்டரோடு பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் அந்த அறிகுறியில் முன்னேற்றம் இல்லையென்றால், எண் எவ்வளவு அழகாக ஏறியிருந்தாலும், நிறுத்துவது பற்றி அவரிடம் கேளுங்கள்.